பிரீமியம் அண்ணன்

சூப்பர் மார்க்கெட்டில் முட்டை அடுக்கின் முன்னால், பின்னே வருகிறவர்களின் தள்ளுவண்டிக்கு வழி விடாமல் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். பார்த்திருப்பீர்கள். வயது ஐம்பதை ஒட்டி. காலில் நடைப்பயிற்சி ஷூ. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆறு முட்டை டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, ஓட்டில் அச்சிட்டிருக்கும் தேதியைப் படித்துக்கொண்டிருப்பார். வீடு வாங்கியபோது வில்லங்கச் சான்றிதழைக்கூட அவர் இவ்வளவு கருத்தாகப் படிக்கவில்லை என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

கோயம்புத்தூரில் இவர் இல்லாத பேட்டை கிடையாது. சரவணம்பட்டியோ வடவள்ளியோ, எங்கே புதிதாக அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பினாலும் லிஃப்ட், ஜெனரேட்டர், இவர் ஆகிய மூன்றும் வந்து சேர்ந்துவிடும். எங்கள் குடியிருப்புக்கு வாய்த்தவரைப் பிரீமியம் அண்ணன் என்று அழைக்கிறோம். முதலில் அவர் இல்லாதபோது அழைத்தோம். அது தெரிந்து அவர் மகிழ்ந்ததால் இப்போது நேரிலேயே.

"முட்டை வாங்கினேன்" என்ற சாதாரண வாக்கியம் அவர் வாயில் வராது. "இந்த வாரம் ஹெர்பல் எடுத்திருக்கறனுங்க" என்பார். போன வாரம் ஒமேகா. அதற்கு முந்தின வாரம் வைட்டமின் டி. தெருமுனை மளிகைக்கடையில் ஆறேழு ரூபாய்க்குக் கிடைக்கும் பண்டத்துக்கு அவர் பதினைந்து, பதினெட்டு என்று கொடுக்கிறார். அந்த விலையைச் சொல்லும்போது குரலில் வருத்தம் இருக்காது. பையனுக்கு மெடிக்கல் சீட் கட்டணம் சொல்லும் தகப்பனின் கம்பீரம்தான் இருக்கும். ஆனால் காலையில் பேப்பரைப் பிரித்து, நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை 10 காசு உயர்வு என்று பார்த்துவிட்டால் போதும். "இப்படி ஏத்துனா ஏழை சனம் எப்படீங்க பொழைக்கும்?" என்று பார்க்கிங் வரைக்கும் கூடவே வந்து கேட்பார்.

நாமக்கல் என்ற ஊர்ப்பெயரை அவர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் வந்த ஒரு சொல்லைப்போல உச்சரிப்பார். அங்கே நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிறது என்பதே அவருக்குப் போதுமான குற்றப்பத்திரிகை. கோடிக்கணக்கில் இருப்பது எப்படி நன்றாக இருக்க முடியும்? வியாபாரிகள் வைத்ததே விலை என்றிருந்த காலத்தில் கோழிப் பண்ணையாளர்கள் ஒன்றுகூடி, 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்துக்கொண்டு, விலையைத் தாங்களே அறிவிக்கத் தொடங்கியதை ஒருமுறை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அதாவது சிண்டிகேட்டுங்க" என்று முடித்துவிட்டார்.

அவருடைய சாஸ்திரத்தின் முதல் விதி நிறம். வெள்ளை முட்டை என்றால் பண்ணை, பழுப்பு என்றால் நாடு. வெள்ளை முட்டையை பிளீச்சிங் பவுடரில் முக்கி எடுப்பதாக அவருக்கு உறுதியான தகவல் இருக்கிறது. தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் போனைத் தட்டிக் காட்டுவார். உண்மையில், ஒரு முட்டை கோழிக்குள் உருவாக ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடுகிறது. கட்டும்போது ஓடு வெள்ளைதான். பழுப்பு முட்டையிடும் இனமாக இருந்தால் கடைசிச் சில மணி நேரத்தில் மேலே ஒரு நிறமி பூசப்படுகிறது. வெள்ளையடித்த வீட்டுக்குச் சந்தன நிற டிஸ்டெம்பர் அடித்ததுபோல. உள்ளே குடியிருப்பது அதே குடும்பம். வெள்ளைக் காதுமடல் உள்ள கோழி பெரும்பாலும் வெள்ளை முட்டை இடும், சிவப்புக் காதுமடல் உள்ளது பழுப்பு இடும் என்று ஒரு பொது வழக்கும் உண்டு. இதைச் சொன்னபோது அண்ணன் சற்று யோசித்தார். "அப்படீன்னா டப்பா மேல கோழி காதையும் படம் போடச் சொல்லோணுமுங்க" என்றார்.

பழுப்பு முட்டைக்கென்றே வளர்க்கும் பண்ணை ரகங்கள் இருக்கின்றன, அவையும் தீவனத்தொட்டி முன்னால் வரிசையில் நிற்பவைதான் என்பதை அவர் கேட்டுக்கொள்வதில்லை. ஊரில் தானாக மேய்ந்து திரியும் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 80 முட்டை இட்டால் அதிகம். கொஞ்சம் முட்டை போடும், பிறகு அடை உட்காரும், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேடு சுற்றும். அதற்கென்று ஒரு குடும்ப வாழ்க்கை இருக்கிறது. நாமக்கல் பண்ணைக் கோழியோ 300-ஐத் தாண்டும். ஆகவே நாட்டு முட்டை விலை கூடத்தான் இருக்கும், அதில் மோசடி ஏதுமில்லை. எனக்கு விளங்காதது வேறு: இந்தக் குடும்பஸ்தக் கோழிகள், கோவையின் அத்தனை சூப்பர் மார்க்கெட்டுக்கும், வருடம் முழுக்க, ஒரே அளவில், ஒரே பழுப்பில், ஒரே தேதி முத்திரையுடன் எப்படி முட்டை போட்டு அனுப்புகின்றன?

கருங்கோழிக் காலம் ஒன்றும் அவருக்கு உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துக் கடக்நாத் கோழிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்ததல்லவா, தோல் கறுப்பு, கறி கறுப்பு, எலும்பும் கறுப்பு. அதன் முட்டையை ஒன்று முப்பது ரூபாய் வீதம் வரவழைத்தார். டப்பாவைத் திறந்தால் எல்லாம் இளம் பழுப்பு. கோழி என்னவோ கறுப்புதான், முட்டை அப்படித்தான் இருக்கும் என்று விற்றவர் சொன்னதை அவர் நம்பவில்லை. அந்தச் சோகம் ஆற அவருக்கு ஒரு மண்டலம் பிடித்தது.

இரண்டாம் விதி மஞ்சள் கரு. வீட்டுக்கு யார் போனாலும் காபிக்கு முன்னால் ஒரு ஹாஃப் பாயில் வரும். சாப்பிட அல்ல, பார்க்க. "நிறத்தைப் பாருங்க! செக்கச் செவேல்னு சூரியனாட்டம்!" நிறம் உண்மைதான். ஆனால் அந்தச் சூரியன் உதிப்பது தீவன மூட்டையில். மக்காச்சோளம் அதிகம் தின்றால் கரு மஞ்சளாகும். செண்டுமல்லி இதழின் சாறு சேர்த்தால் நிறம் இன்னும் ஆழமாகும். மிளகாய்ச் சாயம் சேர்த்தால் சிவப்புக் கூடும். எந்த அளவுக்கு ஆரஞ்சு வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப் பெயிண்ட் கடை அட்டையைப் போன்ற ஒரு விசிறியே தீவனத் தொழிலில் இருக்கிறது; வெளிர் மஞ்சளில் 1 என்று தொடங்கி அடர் ஆரஞ்சு வரை எண் போட்டுப் போகும். சத்தியமங்கலத்துக்கு மேலே தாளவாடிப் பக்கம் செண்டுமல்லியை ஒப்பந்தம் போட்டுப் பயிரிட்டு, சாறு பிழியும் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். ஆயுத பூஜைக்கு லாரியின் நெற்றியில் கட்டும் அதே பூ. கோழி கொல்லையில் பச்சையாகக் கொத்தித் தின்றாலும் கரு நிறம் ஏறும்தான். தட்டில் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல அண்ணனாலும் முடியாது, என்னாலும் முடியாது.

சரி, இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய அந்த ஆரஞ்சுக் கருவை அண்ணன் என்ன செய்கிறார்? எடுத்து வைத்துவிடுவார். கொலஸ்ட்ரால்! டாக்டர் பல வருடம் முன்னால் சொன்னது. அதற்குப் பிறகு, உணவில் இருந்து வரும் கொலஸ்ட்ராலுக்கு நாளுக்கு 300 மில்லிகிராம் என்று வைத்திருந்த உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டியின் 2015-2020 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். டாக்டரும் ஊர் மாறிப் போய்விட்டார். அண்ணன் மட்டும் மாறவில்லை. காலையில் மூன்று முட்டை வேகும். மூன்றின் வெள்ளையும் அவருக்கு. ஒமேகா இருப்பது மஞ்சளில். வைட்டமின் டி இருப்பது மஞ்சளில். ஹெர்பல் நிறம் மஞ்சளில். எந்தெந்தச் சமாசாரத்துக்காகப் பதினெட்டு ரூபாய் கொடுத்தாரோ அத்தனையும் மஞ்சளில். வெள்ளை என்பது தண்ணீரும் புரதமும். நாமக்கல் வெள்ளைக்கும் நட்சத்திர வெள்ளைக்கும் அதில் பேதம் இல்லை. போதாததற்கு, தேதி பார்த்துப் பார்த்துப் புதிய முட்டையாக வாங்குகிறார் அல்லவா? புது முட்டையை வேகவைத்தால் ஓடு லேசில் உரியாது. வெள்ளையில் பாதி ஓட்டோடு போய்விடும். ஆகக்கூடி அவர் வயிற்றுக்குள் போவது என்ன என்று கணக்குப் போட்டால் மனசு கேட்காது.

மஞ்சள் கரு வீணாவதில்லை. அண்ணி அதைத் தயிரில் கலந்து தலைக்குப் போட்டுக்கொள்கிறார். எங்கள் குடியிருப்பிலேயே அடர்த்தியான கூந்தல் அவருடையது. "உங்க அண்ணன் திங்கற வெள்ளையில ஒண்ணுமில்லீங்க. ஒமேகா பூராவும் என்ற தலையிலதான் இருக்குது" என்று சிரிப்பார்.

ஒமேகாவைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அது வெறும் லேபிள் வேலை இல்லை. கோழிக்கு ஆளி விதை கொடுத்தால் அந்தக் கொழுப்பு நிஜமாகவே கருவில் வந்து சேர்கிறது. வெயில் படத் திரியும் கோழியின் முட்டையில் வைட்டமின் டி கூடுவதும் உண்மை. ஆனால் உக்கடம் மார்க்கெட்டில் விற்கும் மத்தி மீன் இரண்டு துண்டில் இருக்கும் ஒமேகாவுக்குப் பல முட்டை உடைக்க வேண்டும். அண்ணன் மத்தி வாங்கமாட்டார். வாசம், லிஃப்ட் வரைக்கும் வரும், அசோசியேஷனில் பேச்சாகும். ஆளி விதையை அளவுக்கு மீறிப் போட்டால் சில முட்டைகளிலேயே மீன் வாடை அடிக்கும் என்பதை நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மூக்கருகே வைத்து அதற்கும் ஒரு பரீட்சை தொடங்கிவிடுவார்.

பரீட்சைகள் ஏற்கெனவே ஏராளம். வாங்கி வந்ததும் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுப் பார்ப்பார். மூழ்கினால் உத்தமம், நிமிர்ந்தால் சந்தேகம், மிதந்தால் கடைக்காரருக்குப் போன். நாள் ஆக ஆக உள்ளே ஈரம் வற்றி, காற்றறை பெரிதாகி, முட்டை மிதக்கும் என்பது சரிதான். அது வயதைச் சொல்லுமே ஒழிய வம்சத்தைச் சொல்லாது. அதோடு ஒரு விஷயம்: தெருமுனைக் கடையில் அட்டை அட்டையாக வரும் நாமக்கல் முட்டை இரண்டு மூன்று நாளில் தீர்ந்து அடுத்த வண்டி வந்துவிடுகிறது. பதினெட்டு ரூபாய் முட்டைதான் யாராவது ஒரு அண்ணன் வரும்வரை ஏசியில் காத்திருக்கிறது.

டப்பாவின் மேல் எழுதியிருப்பவற்றில் அவருக்கு மிகவும் பிடித்தது "100% சைவத் தீவனம்". வெள்ளி செவ்வாய் கவுச்சி தொடாதவர். கோழியும் அப்படி இருந்தால் ஒரு நிம்மதி. அதே மூச்சில், "மேய்ச்சல் கோழி மாதிரி வருமாங்க? எங்க ஊர்ல கோழி சும்மா காட்டுல திரியும்!" என்று உருகுவார். காட்டில் திரிந்த கோழி எதைத் தின்றது? மண்புழு, பூரான், வெட்டுக்கிளி, வாய்த்தால் ஓணான் குஞ்சு. அவருடைய அம்மாவே கோழிக்குஞ்சுக்காகப் பானையில் சாணியும் கிழிசல் சாக்கும் திணித்துக் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் அதில் ஏறியிருக்கும் கரையானைத் தட்டிப் போட்டவர். கோழியைச் சைவமாக்கியது நகரம்தான்.

ஒன்றே ஒன்றை மட்டும் அண்ணன் கேட்டு நான் பார்த்ததில்லை. கோழி எங்கே இருந்தது என்று. கூண்டுப் பண்ணையில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடச் சிறியது. இறக்கை விரிக்க முடியாது, மண்ணில் புரள முடியாது, முட்டையிட மறைவு தேட முடியாது. இது கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பழைய வெற்றுக் கூண்டை 2012-இல் தடைசெய்தது. கூண்டில்லாமல் வளர்த்தால் இடம் அதிகம், ஆள் அதிகம், உடைசல் அதிகம், ஆகவே விலையும் அதிகம். கூடுதல் காசு முழுசாகப் போய்ச் சேரும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். ஆனால் அந்தக் காசின் பலனை அனுபவிப்பது கோழி, வாங்குகிறவரின் நாக்கல்ல. டப்பாவின் மேல் பச்சைப் புல்வெளியும் சூரியோதயமும் சிரிக்கும் கோழியும் அச்சிட்டிருக்கிறது; அண்ணனுக்கு அது போதும். நிறம், தேதி, சத்து எல்லாம் அவர் உடம்புக்கு. கோழி உடம்பு டப்பாவுக்கு வெளியே.

அவர் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகன் மாநகராட்சிப் பள்ளியில் ஆறாவது படிக்கிறான். ஒருநாள் அண்ணன் முத்திரையிட்ட முட்டையைக் காட்டி அந்த அக்காவிடம், "இதுல எல்லாம் டிரேஸ் பண்ணலாமுங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தார். "எங்க பையன் இஸ்கூல்லயும் முத்திரை குத்துன முட்டைதானுங்க போடறாங்க, வாரத்துக்கு அஞ்சு நாளு" என்றார் அக்கா. சத்துணவில் 1989-இல் இரு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010-இல் வாரம் ஐந்து என்று ஆன முட்டை அது. அந்த முத்திரை யாரும் வெளியே கொண்டுபோய் விற்றுவிடாமல் இருப்பதற்காகக் குத்தியது என்பது அக்காவுக்கும் தெரியும். பையன் மஞ்சளையும் சேர்த்துத் தின்கிறான். கபடியில் பள்ளி அணியில் இருக்கிறான்.

தை மாதத்தில் அந்தியூர்ப் பக்கத்தில் இருந்து அண்ணனின் அம்மா வந்தார். தூக்குவாளியில் உமி நிரப்பி, அதில் புதைத்து, இருபது நாட்டு முட்டை. கலப்படமில்லாத, சந்தேகத்துக்கு இடமில்லாத, கோழியின் பெயரோடு வந்த முட்டை. அண்ணன் உமியைத் தட்டித் தட்டி எடுத்துப் பார்த்தார். சின்னச் சின்னதாக இருந்தன. ஒன்று சந்தன நிறம், ஒன்று ஏறக்குறைய வெள்ளை, ஒன்றின் மேல் எச்சம் காய்ந்திருந்தது. ஒன்றுபோல் ஒன்று இல்லை. தேதி இல்லை.

"ஏம்மா, பழுப்பா இருக்கறது இல்லீங்களா?"

"போட்டதத்தான சாமி கொண்டார முடியும்? கோழிகிட்ட கலர் சொல்லி வாங்கறாங்களா?"

அண்ணி இடையில் புகுந்து, "அத்தை, நீங்க தெனமும் இதத்தான சாப்படறீங்க? அதான் இந்த வயசுலயும் இப்படி இருக்கறீங்க" என்றார்.

"நா எங்க அம்மிணி இதத் திங்கறேன்? இத மளிகைக்கடைல குடுத்துப்போட்டு நாமக்கல் முட்டை வாங்கிக்குவேன். ஒண்ணு குடுத்தா ரெண்டு தருவான். அதும் பெருசு பெருசா." பிறகு மகனைப் பார்த்து, "வயசுக்கு வந்த புள்ளைகளுக்கு நல்லெண்ணெயில ஊத்திக் குடுக்கோணும்னா கடைக்காரன்கிட்ட நம்ம முட்டையக் கேட்டு வாங்கீட்டுப் போவாங்க. மத்தபடி டவுனுக்காரங்கதான் கார்ல வந்து எடுத்துக்கறாங்க" என்றார்.

அன்று ராத்திரி அண்ணன் தூங்கியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். மறுநாள் காலை குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் தூக்குவாளியின் படம் வந்தது. அடியில்: எங்கள் சொந்தத் தோட்டத்து நாட்டு முட்டை, ஒன்று இருபது ரூபாய், முன்பதிவு செய்க.

மதியத்துக்குள் வாளி காலி. அடுத்த வாரத்துக்கும் ஆர்டர் குவிந்தது. ஊரில் இருந்ததோ ஏழு கோழி, அதில் இரண்டு அடையில். அம்மா அக்கம்பக்கத்து வளவுகளிலும் சொல்லிவைத்துச் சேர்த்து, உமியில் அடுக்கி, பஸ்ஸில் ஏற்றிவிடத் தொடங்கினார். தேதி இல்லாமல் விற்காது என்று அண்ணன் ஒரு மார்க்கர் பேனாவும் வாங்கிக் கொடுத்தனுப்பினார். ஒருநாள் பார்க்கிங்கில் நான் நிற்கும்போது ஊரில் இருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏஞ்சாமி, தேதி கோழி போட்ட அன்னைக்கே எழுதோணுமா, இல்ல பஸ்ஸுல ஏத்தற அன்னைக்கு எழுதுனாப் போதுமா? எது எப்பப் போட்டுதுன்னு ஆரு கண்டா?"

அண்ணன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நகர்ந்துபோய்ப் பேசினார்.

சிக்கல் மூன்றாம் மாடியில் இருந்து வந்தது. அங்கே புதிதாகக் குடிவந்தவர் அண்ணனைவிடப் பத்து வயது இளையவர், நடைப்பயிற்சி ஷூ இன்னும் விலை கூடியது. ஆறு முட்டையையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். "ஏனுங்கண்ணா, இதுல நாலு வெள்ளையா இருக்குது. சின்னதாவும் இருக்குது. நாமக்கல் கழிவு முட்டையக் கலந்துட்டாங்களாட்டம் இருக்குது."

அண்ணனின் முகத்தில் ஒரு பேராசிரியரின் பொறுமை வந்தது. "தம்பி, ஓட்டு நிறத்துல ஒண்ணுமே இல்லீங்க. அது கோழியோட இனத்தைப் பொறுத்தது. காது மடல் வெள்ளையா இருந்தா முட்டையும் வெள்ளையா இருக்கும். மேல இருக்கறது வெறும் பெயிண்டுங்க. நாட்டு முட்டைன்னா சின்னதாத்தான் இருக்கும். உள்ள இருக்கற புரோட்டீன் எல்லா முட்டையிலயும் ஒண்ணுதான்." காது மடல்வரைக்கும் வரிசை பிசகாமல் சொன்னார்.

"எல்லாம் ஒண்ணுதான்னா, அப்புறம் எதுக்குங்கண்ணா இருபது ரூபா?"

அண்ணன் தட்டில் இருந்து ஒரு முட்டையை எடுத்து, நிதானமாகத் திருப்பி, அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"தேதி போட்டிருக்குதுங்களே."